மணிக்கு வைத்த பொட்டு

பொறியியல் படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எந்தக் கஷ்டத்தைப் பார்த்தாலும் அதற்கு நாலு சக்கரம் மாட்டிவிடலாம் என்று தோன்றும். எனக்கு அது முற்றிப்போயிருந்தது.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கான சிறு பள்ளி. அங்கே ஒன்பது வயது நிலா, சந்தோஷம், கோபம், பயம் என்று முகங்களைப் பட அட்டைகளில் பழகிக்கொண்டிருந்தாள். மனித முகம் நொடிக்கு நொடி மாறிக் குழப்பும். ரோபோ முகம் குழப்பாது என்று எனக்குத் தோன்றியது. எட்டு மாதத்தில் மணி பிறந்தான். முழங்கால் உயரம், திரையில் சிரிப்பு, நெற்றியில் கேமரா. (நெற்றிக்கண்ணாம்! என் கற்பனை வளம் அப்படி.)

"அரை மணி நேரம் பாக்கறேன்பா. பசங்க மிரண்டா எடுத்துக்கினு கெளம்பிடணும்" என்றார் தலைமை ஆசிரியை.

மணியோடு பள்ளிக்குக் கிளம்பிய காலை அம்மா வழிமறித்தார். "புதுத் தறிக்கே பொட்டு வெக்காம நெய்ய மாட்டோம். இதுக்கு வேணாமாடா?"

எட்டு மாத உழைப்பாயிற்றே, எனக்கும் பக்தி பொங்கியது. நானே சந்தனம் குழைத்து, நடு நெற்றி பார்த்து அழுத்தி, மேலே குங்குமமும் வைத்தேன். அப்பா மிச்சப் பட்டுத் துணியை வேட்டியாகக் கட்டி, "மாப்ள கணக்கா இருக்கான்!" என்று பூரித்தார். மூவரும் செல்ஃபி எடுத்தோம்.

எதிரே முகம் தெரியாவிட்டால் சுற்றித் தேடு, கூப்பிடு, ஒவ்வொரு தடவையும் சத்தத்தைக் கூட்டு என்று மணிக்குச் சொல்லிக் கொடுத்திருந்தவனும் நானேதான். சந்தனம் அப்பிய கண்ணுக்கு வகுப்பில் ஒரு முகமும் தெரியவில்லை.

"நீ எங்கே இருக்கே?" என்று கேட்டபடி பீரோவை முட்டினான். திரும்பி, இன்னும் உரக்க, "நீ எங்கே இருக்கே?" மூன்றாம் முறை ஆடி மாத ஒலிபெருக்கி தோற்றது.

"இன்னாபா இது, சாமியாடுது! நிறுத்துபா!"

"ஸ்விட்ச் வேட்டிக்குள்ள இருக்குது மேடம்!"

அப்பா போட்ட முடிச்சு. நாற்பது வருஷம் தறியில் இழை முடிந்த கை போட்டது, அவிழுமா? பிள்ளைகளை வெளியே அழைத்துப் போனார்கள். நிலா மட்டும் காதைப் பொத்திக்கொண்டு நாற்காலியிலேயே இருந்தாள். நான் தரையில் பாய்ந்து மணியைக் கவிழ்த்து, வேட்டியைக் கிழித்து அணைத்தேன். எல்லாம் முடிந்தது என்று வியர்க்க வியர்க்க உட்கார்ந்திருந்தேன்.

நிலா காதிலிருந்து கையை எடுத்தாள். அட்டைகளைப் புரட்டி ஒன்றை எடுத்து என் மடியில் வைத்தாள்.

"பயம்" என்றாள்.

தலைமை ஆசிரியை அட்டையையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "இத்தன மாசமா படத்தோட படத்தைச் சேத்துக்கினு இருந்தா. நெஜ மூஞ்சியப் பாத்து எடுத்தது இதான் மொத தடவ."

"அப்ப மணி...?" என்று இழுத்தேன்.

"கூட்டினு வா. கத்தக் கூடாது, பொட்டு கூடாது. நீயும் வரணும். உன் மூஞ்சி அட்டைய விடத் தெளிவா இருக்குது."

இப்போது வாரம் ஒரு நாள் போகிறோம். மணி மெதுவாகப் பேசுகிறான். நிலா அவனோடு முறை வைத்து விளையாடுகிறாள். வீட்டில்தான் நிம்மதி போயிற்று. நிலாவைப் போலவே அப்பாவும் பெயர் எழுதிய அட்டைக் கட்டு ஒன்றை வைத்துக்கொண்டு என் மூஞ்சியைப் படிக்க ஆரம்பித்துவிட்டார். போன மாதம் தென்னேரியில் பெண் பார்க்கப் போனபோது, நான் காபி டம்ளரை வாங்கும் நேரம் பார்த்து அப்பா என் சட்டைப் பையில் ஓர் அட்டையைச் செருகினார். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்த அதைப் பெண் படித்துவிட்டுச் சிரித்தாள்.

தையில் கல்யாணம். மணிக்கும் பட்டு வேட்டி உண்டு. முடிச்சு மட்டும் நான் போடுவேன்.