பதினாறாம் தேதி அடைத்த மடை

திருத்துறைப்பூண்டி வட்டம்,
டிசம்பர் 31.

பாசமுள்ள ஆரோக்கியம் அக்காவுக்கு, தம்பி சவரிராஜ் தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கே உடம்புகள் சுகம். அங்கே நீங்கள், ரெமிஜியஸ் அத்தான், கல்யாணப்பெண் ஜெனிட்டா எல்லோரும் சுகமாயிருக்க மன்றாடுகிறேன். நான் மன்றாடினால் அது எங்கே போய்ச் சேருமோ தெரியவில்லை. இரண்டு தெரு தள்ளியிருக்கும் அக்காவுக்குத் தபால் எதற்கு என்பீர்கள். போன் போட்டால் அத்தான் எடுத்துவிடுவார்.

வருஷக் கடைசியாயிற்றே என்று இன்று காலை பாவசங்கீர்த்தனத்துக்குக் கிளம்பினேன். பாவங்களை ஞாபகப்படுத்திக்கொள்ள, உரக்கடையில் கொடுத்த டைரியையும் கையில் எடுத்துப்போனேன். அக்கா, செப்டம்பர் கடைசியிலிருந்து அதில் அத்தானின் பாவம்தான் இருக்கிறது. அத்தான் என் வயல் மடையை அடைத்தார், பயிரைக் காயப்போட்டார், அதனால் ஜெனிட்டா நிச்சயதார்த்தத்துக்கு நான் போகவில்லை, டீக்கடையில் இப்படிச் சொன்னேன், கோயில் வாசலில் அப்படிச் சொன்னேன் என்று பக்கம் பக்கமாகப் போகிறது. பங்குச் சாமியார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ரெமிஜியஸ் பாவம் முடிஞ்சுதா? இப்ப உங்களுதைச் சொல்லுங்க” என்றார். டைரியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து, மடை அடைபட்ட செப்டம்பரை ஒழுங்காக வாசித்தேன்.

இருபத்துநாலாம் தேதி: “மன்னார்குடியிலிருந்து வந்தேன். வயல் வெடித்துக் கிடக்கிறது. மடையை எவனோ அடைத்திருக்கிறான். மேல்வயல் அத்தானைத் தவிர யார்?” அதற்கு எட்டுப் பக்கம் முன்னால், பதினாறாம் தேதி, அதே நீல மையில்: “யூரியா போட்டேன். மடையை நன்றாக அடைத்தேன். நாளை திறக்க வேண்டும்.” மறுநாள் பஸ் பிடிக்கிற அவசரத்தில் மறந்திருக்கிறேன். டைரியை மூடிவிட்டு அரைமணி நேரம் அதன் மேலேயே உட்கார்ந்திருந்தேன்.

இது போதாதென்று போன ஞாயிறு நடந்ததும் நீங்கள் அறிந்ததே. ஜெனிட்டாவுக்குக் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலை வாசித்து, இந்தக் கல்யாணத்துக்குத் தடை அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று சாமியார் சொன்ன நேரம் பார்த்து நான் எழுந்து நின்றேன். சத்தியமாகக் கால் பிடித்துக்கொண்டதுதான் அக்கா. கோயிலே திரும்பிப் பார்த்ததும் உட்கார்ந்திருக்கலாம். கால் மடங்கவில்லை, வீம்பும் விடவில்லை, முறைத்துக்கொண்டே நின்றேன். சாயங்காலமே வேதாரண்யத்து மாப்பிள்ளை வீட்டார், தாய்மாமனுக்கு என்ன தடை தெரியும் என்று போனில் கேட்டார்களாம். ஜெனிட்டா சாப்பிடாமல் படுத்திருக்கிறாள் என்று என் மகன் கிளாட்சன் சொன்னான். தூக்கி வளர்த்த பிள்ளை. வெட்கமாயிருக்கிறது அக்கா. வேதாரண்யத்துக்கு நானே போய்க் காலும் வீம்பும்தான் காரணம் என்று சொல்லிவிடுகிறேன். மடை விஷயத்தை மட்டும் அத்தான் சாப்பிட்டுச் சாய்ந்திருக்கும் வேளையில் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

அத்தானுக்கு என் வணக்கம். ஜெனிட்டாவுக்கு அவள் இன்னும் ஏற்றுக்கொள்வாளானால் மாமனின் ஆசீர்.

இப்படிக்கு,
தலை நிமிராத தம்பி
சவரிராஜ்

பி.கு.: உறையை ஒட்டுமுன் பதினாறாம் தேதிப் பக்கத்தை இன்னொரு தடவை பார்த்தேன். அடியில் ஒரு வரி: “அத்தான் மண்வெட்டியோடு வந்தார். ‘என்ன சவரி, மடையை அடைச்சிட்டியா?’ன்னார். ஆமாம் என்றேன்.” அக்கா, அவருக்கு அன்றைக்கே தெரியும். மூன்று மாசத்துக்கு மேல் ஊரெல்லாம் நான் ஏசியும் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உங்களிடமாவது சொன்னாரா? ஆகையால் நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். நாளைப் பூசை முடிந்ததும் நானே வந்து அவர் முகத்தைப் பார்த்துச் சொல்கிறேன். இந்தக் கடிதம் எனக்குப் பிறகுதான் வந்து சேரும், கிழித்துப் போடுங்கள். ஸ்டாம்ப் ஒட்டிவிட்டேனே என்றுதான் போடுகிறேன். என்னை உட்காரச் சொல்லாதீர்கள். உட்கார்ந்தால் கால் பிடித்துக்கொள்ளும்.