சாய்வு எந்தப் பக்கம்?

டிப்ளமா முடித்தவன் ஓராண்டுக்கு வாயைத் திறக்கக் கூடாது என்று ஒரு சட்டம் இருந்திருந்தால், என் மானம் ஒரு குளியலறையில் போயிருக்காது.

எழுபதுகளில் மகாபலிபுரத்துக் கடலோரம் வெள்ளைக்காரர்களுக்காக ஒரு லாட்ஜ் கட்டிக்கொண்டிருந்தார்கள். மேற்பார்வை அடியேன். (சட்டைப் பையில் மூன்று பேனா. எழுதியது ஒன்றுதான்.)

முதல் அறையின் குளியலறைக்கு வெளிச்சுவர் கிடையாது. எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்து, அதிலிருந்து ஒரு தகரக் குழாயை ஏ.சி. படுக்கையறையின் கூரையை ஒட்டிக் கொண்டுபோய்க் கடல் பக்கம் வெளியே விடவேண்டும். ஆவி மேலேதானே போகும்? வெளிமுனையை உயர்த்தி மாட்டச் சொன்னேன்.

சித்தாள் தெய்வானை செங்கல்லை இறக்கிவிட்டு அண்ணாந்து பார்த்தாள். கோவளத்துக்காரி. மீனை ஐஸில் போட்டுச் சந்தைக்கு அனுப்புகிற குடும்பம்.

"இன்னா சார், பைப்பு உள்ள பாத்து சாஞ்சிகினு கீது? சில்லுனு கீற தகரத்துல ஆவி பட்டா வேர்க்கும். எங்க வூட்டு ஐஸ் பொட்டி அப்டித்தான். சுத்தி உமி வச்சி சாக்கு கட்டு. வெளிய பாத்து சாச்சி வுடு, தண்ணி அந்தாண்ட பூடும்."

"இது மீன் பெட்டி இல்லம்மா, இன்ஜினீயரிங்."

"இன்னாவோ போ" என்று அடுத்த நடைக்குப் போய்விட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் எனக்குப் பெண் கொடுப்பதாக இருந்த கூடுவாஞ்சேரி ரயில்வே குமாஸ்தா, மாப்பிள்ளை வேலை பார்க்கும் லட்சணத்தை நேரில் பார்க்க வருவதாகக் கடிதம் போட்டார். பெண் பார்க்கப் போனபோது அவர் மகள் காபியை வைத்துவிட்டு என்னை நேருக்கு நேர் பார்த்திருந்தாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் அப்பா தலையாட்டினால்தான் கல்யாணம்.

அவர் வந்தது ஒரு சனிக்கிழமை; அதற்குள் முதல் அறை தயாராகியிருந்தது. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலைத் தவறவிடாத மனிதர். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. "புது கெய்சர் மாமா, இங்கியே குளிச்சிடுங்க" என்றேன். குளித்து வந்தால் ஜில்லென்று இருக்கட்டும் என்று ஏ.சி.யை முதல் நாளே ஓடவிட்டிருந்தேன். (என்ன அக்கறை.)

முக்கால் மணி நேரம் வெந்நீர் ஊற்றிக்கொண்டார். சீயக்காய் மணத்தோடு பாட்டும் வந்தது. திடீரென்று பாட்டு நின்றது.

"தம்பி, வெளிய மழையா?"

"இல்லியே மாமா." (கத்திரி வெயில். காக்காய்க்கே நாக்கு வறண்டிருந்தது.)

"உள்ள பெய்யுது."

கதவு திறந்தது. குழாயில் வேர்த்த நீரெல்லாம் திரும்பி ஓடிவந்து, ஃபேனில் இருந்த கிரீஸையும் நான் துடைக்காமல் விட்ட தூசியையும் அள்ளிக்கொண்டு, அப்போதுதான் அலசிய தலையில் இறங்கியிருந்தது. நரைத்த முடி கரியாகியிருந்தது.

வாசலில் தெய்வானை, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு. "நான் அப்பவே சொன்னேன் நைனா. சாருதான் இன்ஜினீரிங்குன்னாரு."

"சொன்னாங்களா?" என்றார் என்னிடம்.

"சொன்னாங்க. நான்தான் கேக்கல."

துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். என் கல்யாணமும் அதே பஸ்ஸில் போய்விட்டது என்று நினைத்து அன்று அழுதேன். மறுநாள் உமியும் சாக்கும் வாங்கிக் குழாயைச் சுற்றிக் கட்டி, தெய்வானை சொன்னபடி வெளிப்பக்கம் சாய்த்தேன். பிறகு ஒரு சொட்டு விழவில்லை. (சாக்கு கட்டிய குழாயை நாட்டுப்புறக் கலை என்று ஒரு வெள்ளைக்காரர் படம் பிடித்துக்கொண்டு போனார்.)

பத்து நாளில் சம்மதம் என்று கடிதம் வந்தது. காரணம் கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. கிரீஸ் தலையோடு வீட்டுக்குள் நுழைந்தவர், "இந்தச் சம்பந்தம் வேணாம்" என்றாராம். நடந்ததை முழுக்கக் கேட்டுவிட்டு மகள் சொன்னாளாம்: "இவரையே முடிங்கப்பா. ஆயுசுக்கும் என்கிட்ட வாயத் தொறக்க மாட்டாரு."

தீர்க்கதரிசி. இன்றும் நான் தொண்டையைச் செருமிக்கொண்டு யாருக்காவது புத்தி சொல்ல ஆரம்பித்தால் சமையலறையிலிருந்து ஒரே கேள்வி வரும்: "சாய்வு எந்தப் பக்கம்?"

பேரப்பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து வாசலைக் காட்டுவார்கள். நானும் எழுந்து அந்தப் பக்கமே போய்விடுவேன்.