ஒரே அறையில் இரண்டு சம்பந்திகள்

அன்பு மாப்பிள்ளைக்கு,

மாமனார் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. தாங்களும் என் மகளும், அவள் வயிற்றில் இருக்கும் குட்டியும் சுகமாக இருக்க வேண்டும். நானும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் கழுத்துக்குக் கீழே எது எப்படி இருக்கிறது என்று எனக்கே இன்னும் தகவல் வரவில்லை. முதலில் தங்களுக்கு நன்றி. எந்த மாப்பிள்ளை மாமனாரின் உடம்பைப் பற்றி இவ்வளவு கவலைப்பட்டு, எடை குறைக்கும் முகாமில் இடம் பிடித்துக் கொடுப்பார்? அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். அறைக் கதவைத் திறக்கும்வரை அந்தப் பெருமை இருந்தது.

திறந்தால், ஃபேனுக்கு நேர் கீழே இருக்கும் கட்டிலில் தங்கள் தந்தையார்! கோர்ட்டில் சுருக்கெழுத்தராக இருந்தவர் அல்லவா, யார் என்ன பேசினாலும் அசையாமல் எழுதிப் பழகிய முகம். அதே முகத்தோடு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கல்யாணத்தில் போட்டோக்காரர் என்னைப் பார்த்து, "சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க, பொண்ணு தெரியல" என்றதும், அதற்குத் தங்கள் தந்தையார் வாய்விட்டுச் சிரித்ததும், "உங்க தொப்பை மட்டும் போட்டோல அடங்கிடுமா?" என்று நான் கேட்டதும், அன்றோடு எங்கள் பேச்சு நின்றதும் தாங்கள் அறிந்ததே. "குழந்தையைப் பாக்க ரெண்டு அப்பாவும் ஒரே வண்டில வந்து இறங்கணும். தனித்தனியா வந்தா வாசலோட திருப்பி அனுப்பிடுவேன்" என்று என் மகள் சொல்லியிருப்பதும் அறிந்ததே. அவள் சொன்னால் செய்வாள், என் பெண் அல்லவா. பேரக் குழந்தையின் முகத்தைப் பார்க்காமல் போய்விடுவோமோ என்று எனக்கும் தூக்கம் வராமல்தான் இருந்தது. அதற்காக இப்படியா மாப்பிள்ளை?

இங்கே பயிற்சி கொடுப்பது ஒரு பெண். கழுத்தில் எந்நேரமும் விசில் தொங்குவதால் அவளுக்கு விசில் என்றே பெயராகிவிட்டது. வந்தவுடன் எடை பார்க்கும் மெஷினில் ஏறச் சொன்னாள். நான் தங்கள் தந்தையாருக்கு வழி விட்டு நின்றேன், அவர் எனக்கு வழி விட்டு நின்றார். சம்பந்தி மரியாதை என்று விசில் நெகிழ்ந்துபோனாள். யார் எடையை யார் முதலில் பார்ப்பது என்பதுதான் விஷயம் என்று அந்தக் குழந்தைக்கு எங்கே தெரியும்? கடைசியில் இரண்டு பேரையும் பிடித்து ஏற்றிவிட்டாள். தங்கள் தந்தையார் என்னைவிட மூன்று கிலோ அதிகம். இதை நான் சந்தோஷத்தில் எழுதவில்லை, தகவலுக்காக எழுதுகிறேன். (இந்த வரியில் எழுத்து கோணியிருந்தால் பொருட்படுத்த வேண்டாம், பேனா குலுங்கிவிட்டது.)

பிறகு டிரெட்மில். பக்கத்துப் பக்கத்து மெஷின், வேறு எங்கே. நாற்பது வருஷம் சோபா விற்றவன் நான், அந்த ஹாலில் உட்கார ஒரு ஸ்டூல்கூட இல்லை. மூச்சு வாங்குகிறது, நிறுத்தலாம் என்று பார்த்தால் உங்க அப்பா நிறுத்தவில்லை. அவர் நிறுத்தாதபோது பெண்ணைப் பெற்றவன் நான் எப்படி நிறுத்துவது? நான் நிறுத்தவில்லை என்று அவரும் நிறுத்தவில்லை. விசிலுக்கு ஒரே பூரிப்பு. "எல்லாரும் இந்த ரெண்டு அங்கிளையும் பாருங்க, என்ன ஒரு ஆர்வம்!" என்று கூப்பிட்டு நிற்க வைத்து வேடிக்கை காட்டினாள். கை தட்டினார்கள் மாப்பிள்ளை. அந்தக் கைதட்டலில்தான் என் கால் இரண்டும் என்னைக் கேட்காமலே மடங்கின. மெஷின் என்னைப் பின்னால் கொண்டுபோய்த் தரையில் இறக்கி வைத்துவிட்டது. யார் யாரோ ஓடி வருவதற்குள், உங்க அப்பா தன் மெஷினை விட்டு இறங்கி என் பக்கத்தில் குனிந்தார். குனிந்தவரால் நிமிர முடியவில்லை, அப்படியே என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்து, "அடி பட்டுச்சா சம்பந்தி?" என்று கேட்டார்.

கல்யாணத்துக்கப்புறம் அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை. வியர்வை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மதியச் சாப்பாடு வேகவைத்த காயும், கிண்ணத்தின் அடி தெரியும் சூப்பும், ஆளுக்கு ஒரு முட்டையும். அவர் முட்டையை என் தட்டில் தள்ளிவிட்டு, "எனக்குப் பசி இல்ல" என்றார். பச்சைப் பொய். அவர் வயிறு போட்ட சத்தம் அடுத்த மேஜை வரைக்கும் கேட்டது.

சாயங்காலம் டம்பெல். அதைப் பற்றி எழுதத் தெம்பில்லை. சட்டைப் பட்டனைக்கூட வேறு ஆள்தான் கழற்றிவிட வேண்டியிருந்தது. உங்க அப்பா மத்தியானம் கண் அசந்தபோது விட்ட குறட்டையைக் கேட்டேன், ராத்திரியை நினைத்தால் பயமாக இருக்கிறது. ஆகையால், எல்லாவற்றுக்கும் நன்றி சொன்ன கையோடு ஒரே ஒரு வேண்டுகோள்: நிர்வாகத்திடம் பேசி எனக்கு எப்படியாவது வேறு அறை வாங்கிக் கொடுங்கள்.

மகளை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லவும். இரண்டு பேரும் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
உடம்பெல்லாம் வலியோடும் மனசெல்லாம் நன்றியோடும்,
மாமனார்

பின்குறிப்பு: வேறு அறை வேண்டாம், நிர்வாகத்திடம் எதுவும் பேசிவிடாதீர்கள். கையெழுத்தைப் பார்த்ததுமே தங்களுக்குத் தெரிந்திருக்கும். என் கை பேனாவைப் பிடிக்கவில்லை. நான் சொல்லச் சொல்ல எழுதியது உங்க அப்பாதான். பட்டனைக் கழற்றிவிட்டதும் அவர்தான். மூன்று கிலோ என்ற இடத்தில் மட்டும் சிரித்துவிட்டார்.

தம்பி, அப்பா எழுதுறேன். மேலே இருக்கிறது எல்லாம் சம்பந்தி சொன்னது சொன்னபடி. ஒரு எழுத்து மாத்தல. மூணு கிலோ இல்ல, ஒன்றரை. பேரக் குழந்தையைப் பாக்க நாங்க ரெண்டு பேரும் சேர்ந்தே வர்றோம். பெரிய வண்டியா அனுப்பு, பின் சீட்ல ரெண்டு பேரும் உக்காரணும்.