அண்ணனிடம் ஒரு குழாய் ரத்தம் கேட்டு

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீயும் அண்ணியும் சுகமாயிருக்க வேண்டுமென்று விரும்பித் தங்கை எழுதுவது. இங்கே உன் மாப்பிள்ளையும், எட்டு மாத மருமகனும், என் மாமியாரும் நலம். நான் மட்டும் மூன்று.

மூன்று என்றால் ரத்தத்தில். பேறுகால விடுப்பு முடிந்து ஆஸ்பத்திரி லேபுக்குத் திரும்பினால், ஹெபடைடிஸ் பி தடுப்பூசி உடம்பில் பிடித்திருக்கிறதா என்று எல்லாரும் காட்ட வேண்டுமாம்; ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தியின் அளவு பத்துக்குக் குறைந்தால் ரத்தக் குழாயைத் தொடக்கூடாது, ஃபைல் அறையில்தான் வேலை. எக்ஸ்ரே பிரிவிலிருக்கும் உன் மாப்பிள்ளைக்கும் அதே சோதனை. பிறரை நம்புவானேன் என்று, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, இருவர் குழாயிலும் பெயர் லேபிளை நானே ஒட்டினேன். அவருக்கு நானூற்றுப் பன்னிரண்டு. எனக்கு மூன்று. போட்டுக்கொண்ட ஊசியும் மூன்று, ஊசிக்கு ஒன்று வீதம் என்று வைத்துக்கொள்.

டாக்டரிடம் ஓடினேன். "தப்பு உங்க மேல இல்லம்மா, ஊசி மேலயும் இல்ல. மருந்துல ஒரு துண்டை நம்ம செல்லுங்க ஒரு தட்டுல வச்சு நீட்டினாத்தான் உடம்போட காவல்படை கவனிக்கும். அந்தத் தட்டோட வடிவம் ஆளுக்கு ஆள் வேற. அப்பா பாதி அம்மா பாதி குடுத்த மரபணு. சிலர் தட்டுல இந்தத் துண்டு நிக்காது" என்றவர், எதற்கும் இருக்கட்டுமென்று மறுபடி ரத்தம் எடுத்துக்கொண்டு, கையோடு இன்னொரு ஊசியும் போட்டுவிட்டார்.

இதை வீட்டில் சொன்னேன் பார், அதுதான் தப்பு. "நான் சொல்றதுதான் உனக்கு ஏறலைன்னு நெனச்சேன், ஊசியுமா?" என்றார் அத்தை. உன் மாப்பிள்ளையோ நாலு நாளாகச் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு திரிகிறார். "எங்க வீட்டு ரத்தம்னா சும்மாவா? நானூத்திப் பன்னெண்டு!" பால்காரரிடமும் சொல்லியாயிற்று. அதெல்லாம் போகட்டும் அண்ணா, பிள்ளைக்குப் போட்ட ஊசியும் என் தட்டில் வழுக்கியது போலவே வழுக்கியிருந்தால்? தூங்குகிறவனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, எழுப்பிவிட்டு, அவனோடு சேர்ந்து நானும் அழுகிறேன். நீயும் இதே மூன்று ஊசி போட்டவன்தானே, உடனே ஒரு குழாய் ரத்தம் கொடுத்துப் பார். உனக்கும் மூன்று வந்தால் இது நம் வீட்டுத் தட்டுதான் என்று தெரிந்துபோகும். ஊசியைக் கண்டால் உனக்கு மயக்கம் வருமென்று தெரியும். அண்ணியைப் பிடித்துக்கொள்ளச் சொல்.

அண்ணிக்கு என் அன்பு. கடிதத்தின் ஓரத்திலுள்ள ஈரம் மருமகன் உனக்கு அனுப்பும் வணக்கம்.

இப்படிக்கு,
மூன்றே மதிப்பெண் வாங்கிய தங்கை

பி.கு.: மறுசோதனை முடிவு இப்போதுதான் போனில் வந்தது. எனக்கு நானூற்றுப் பத்து. அந்த மூன்று யாருடையது என்று நீயே கணக்குப் போட்டுக்கொள். அன்றைக்குப் பிள்ளை பிய்த்துப்போட்ட லேபிள்களை நான் திருப்பி ஒட்டியது இப்போது நினைவுக்கு வருகிறது. நீ ரத்தம் கொடுக்க வேண்டாம். பிள்ளைக்கே எடுத்துப் பார்க்கச் சொல்லிவிட்டேன், பயம் அப்படியேதான் இருக்கிறது, வீடு மட்டும் மாறியிருக்கிறது. உன் மாப்பிள்ளை சுருட்டிய கையோடே தூங்குகிறார். அத்தையிடம் நான் வாயே திறக்க மாட்டேன். பால்காரரிடம் மட்டும் சொல்லப்போகிறேன்.