மின்னல் சார் பார்த்த மேடு

பார்க்கிறவர்கள் உண்டு, பார்க்காதவர்கள் உண்டு, இவர்கள் போக, நமக்கு முன்னாலேயே பார்த்துவிட்டு, நாம் திரும்புவதற்குள் "போயிடுச்சே!" என்று உதட்டைப் பிதுக்குகிற இனம் ஒன்று உண்டு. உங்களுக்கும் ஒருவரைத் தெரியாமல் இருக்காது. ஆய்வகத்தில் 'மின்னல் சார்' என்று பெயரெடுத்தவர் அந்த இனத்தின் அசல் வித்து.

தொழிலும் அவருக்குத் தோதாக அமைந்துவிட்டது. கரைசலின் மேல் லேசரைப் பளிச்சென்று பாய்ச்சினால் ஒரு மூலக்கூறு இன்னொன்றாக மாறுகிறது. அந்த அவசரத்தில் இதுவுமில்லாமல் அதுவுமில்லாமல் நடுவில் ஒன்று பிறந்து, பிறந்த சூட்டோடு செத்தும் போகிறது. அது இருந்ததற்கு ஒரே சாட்சி, திரையில் ஓடும் கோட்டில் ஒரு சின்ன மேடு. காற்றுப் பட்டால் அதுவும் கிடையாது. ஆகவே நைட்ரஜனைக் குமிழ்விட்டு, விளக்கை அணைத்து, பக்கத்தில் இருமுகிறவர்களை அதட்டி அடக்கி, மின்னல் சார் திரையோடு மூக்கை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார். வந்தது மேடு! உலகத்தில் எவரும் பார்த்திராத மேடு. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அறிவிக்க வேண்டியதுதான் பாக்கி.

"வெறும் கரைப்பானை மட்டும் வச்சுப் பார்த்துட்டீங்களா சார்?" என்று பக்கத்து மேசை அம்மா கேட்டார். சேர்மம் எதுவும் கலக்காமலே மேடு வந்தால், அது கரைசலை வைக்கிற கண்ணாடிக் குப்பி செய்கிற சேட்டை, கண்டுபிடிப்பல்ல.

"ஏம்மா, என் கண்ணு மேலயே சந்தேகமா?"

வீட்டிலும் இதே கண்தான். போன வருஷம் மைத்துனரிடம் தன் ஆராய்ச்சியை விளக்கிக்கொண்டிருந்தபோது, அவர் உதட்டோரம் ஓர் ஏளனச் சிரிப்பு தோன்றி மறைந்ததாம். "ஐயோ, அது சின்ன வயசுல இருந்தே அண்ணனுக்கு இருக்கிற உதட்டு இழுப்புங்க" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். சிரிப்புக்கும் இழுப்புக்கும் வித்தியாசம் தெரியாதவரா இவர்? அன்றோடு மைத்துனர் வீட்டு வாசலை மிதிப்பதை நிறுத்திவிட்டார். இப்போது அந்த வீட்டில் கல்யாணம்.

"நீங்க வரலைன்னா நான் மட்டும் போறேன். திரும்பி வர்றதைப் பத்தி அப்புறம் யோசிக்கிறேன்."

அவள் குரலில் விளையாட்டு இல்லை. மின்னல் சார் பயந்துபோனார். வியாழக்கிழமை மாலை அவள் பின்னாலேயே போனார். கல்யாண அலைச்சலில் மைத்துனர் சோபாவில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே உதட்டோரம் ஒருமுறை மேலே இழுத்து அடங்கியது.

"இப்ப யாரைக் கேலி பண்றாரு எங்கண்ணன்?" என்றாள் மனைவி மெதுவாக.

சார் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, "கல்யாணத்துக்கு என்ன வேலை பாக்கி இருக்கு?" என்று கேட்டார்.

மறுநாள் காலை, மற்றவர்கள் வருமுன் ஆய்வகத்துக்கு ஓடி, வெறும் கரைப்பானை வைத்து லேசரைத் தட்டினார். அதே இடம், அதே உயரம், அதே மேடு.

"குப்பியை மாத்தணும்மா" என்றார், பக்கத்து மேசை அம்மா வந்ததும். அந்த அம்மாவின் உதட்டோரம் ஏதோ தோன்றி மறைந்தது. சார் பார்க்காததுபோல் இருந்துவிட்டார்.

சிரிக்கிறீர்களா? இருக்கட்டும். எழுதியவர் உங்களை மனதில் வைத்துத்தான் எழுதியிருக்கிறார் என்று நடுவில் ஒரு கணம் சுருக்கென்றதா? பதற வேண்டாம். எழுத்தே இல்லாத வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து வைத்து உற்றுப் பாருங்கள். அப்போதும் சுருக்கென்றால், குற்றம் தாளில் இல்லை.