பாகம்பொறுக்கியாரின் இருபத்து மூன்றாவது பட்டியல்

பாகம்பொறுக்கியார் என்றொரு இனம் நம்மிடையே நடமாடிக்கொண்டிருக்கிறது. பெயரைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டாம். ஒழுக்கத்தில் இவர்களை மிஞ்ச ஆளில்லை. சீட்டாட மாட்டார்கள், தெருச் சண்டைக்குப் போக மாட்டார்கள், வாடிக்கையாளரிடம் குரலை உயர்த்த மாட்டார்கள். கம்ப்யூட்டர் வேண்டுமென்றால் மட்டும் கடையில் ஆயத்தமாக நிற்பதை வாங்க மாட்டார்கள். ஒவ்வொரு பாகமாகத் தேர்ந்தெடுத்து, குறைந்த செலவில், வீட்டிலேயே கட்டிவிடுவார்களாம். கட்டுவதில் தவறே இல்லை. எத்தனையோ பேர் கட்டி, அதில் வேலை பார்த்து, அது பழசாகி, அடுத்ததையும் கட்டிவிட்டார்கள். பாகம்பொறுக்கியார் கட்டுவதில்லை. தேர்ந்தெடுப்பார். அதோடு சரி.

இவரை எப்படி அடையாளம் காண்பது? ரொம்பச் சுலபம். வங்கி வரிசையிலோ மருத்துவமனை பெஞ்சிலோ உங்கள் பக்கத்தில் இருப்பவர் கைபேசியில் ஒரு காணொளி பார்க்கிறார். கம்ப்யூட்டருக்குள் சுழலும் உள்ளங்கை அகல ஏழு விசிறிகளை வரிசையாக வைத்து, எதற்கு இரைச்சல் குறைவு என்று யாரோ ஒருவர் அரை மணி நேரம் விளக்குகிறார். உங்களுக்குத் தொந்தரவு கூடாதென்று, நம்மவர் அதைச் சத்தமே இல்லாமல் பார்க்கிறார். பார்த்து முடித்து, "மூணாவதுதான் நல்லா இருக்கு" என்று தலையாட்டுகிறார். அவரேதான்.

நான் சொல்லப்போகிற பாகம்பொறுக்கியார் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். கண் பரிசோதனையும் அவரே. நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணுக்கு முன்னால் வில்லையைத் திருப்பித் திருப்பி, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்பார். எதிரில் இருப்பவர் தயங்கினால் பொறுக்காது. "யோசிக்காதீங்க சார், முதல்ல என்ன தோணுதோ அதைச் சொல்லுங்க" என்பார். ஒரு நாளைக்கு முப்பது பேரை இப்படி அரட்டி உருட்டி முடிவெடுக்கவைத்துவிட்டு, மாலையில் வீட்டுக்கு வந்து, இரண்டு ரேம் நினைவகத் துண்டுகளுக்கு நடுவே எதை எடுப்பதென்று தெரியாமல் மண்டையைப் பிய்த்துக்கொள்வார்.

அவருடைய மனைவி ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். பதினாலு வருடமாக அடுத்தவர் போட்ட மெட்டையே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வந்தவருக்கு, முதல் முறையாகத் தன் மெட்டுக்கு ஒரு வாய்ப்பு வந்தது. ஒரு பொம்மலாட்டக் குழுவினர் புது நாடகம் போடுகிறார்கள். எட்டுத் துண்டு இசை வேண்டும். ஆறு வாரத்தில் வேண்டும். வீட்டில் இருந்த பழைய லேப்டாப்போ, குழலும் வயலினும் தாளமும் குரலும் சேரும்வரை பொறுத்துக்கொள்ளும். ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்தால் உறைந்து நின்றுவிடும்.

"ஏங்க, ஒரு கம்ப்யூட்டர் வாங்கிடலாமா? சுமாரா ஒண்ணு போதும்" என்றார் டீச்சர்.

"வாங்குறதாவது! நானே கட்டித் தர்றேன். பாதி விலையில, ரெண்டு மடங்கு வேகம். மியூசிக்கும் போடலாம், கேமும் ஆடலாம்."

"கேமா? யாருங்க ஆடப்போறா?"

"ஆடணும்னு இல்ல. ஆட முடியணும்."

இந்த ஒரு பதிலில் ஆறு வாரத்தில் நான்கு வாரம் போயிற்று.

உண்மையைச் சொல்ல வேண்டும். அவருடைய முதல் பட்டியல் அருமையான பட்டியல். ஒரே மாலையில் போட்டது, அடக்கமானது, டீச்சரின் வேலைக்குத் தாராளமாகப் போதும். கையிலிருந்த பட்ஜெட்டுக்குள் அடங்கி மிச்சமும் இருந்தது. டீச்சர் பார்த்துவிட்டு, "நல்லாருக்கே, நாளைக்கே வாங்கிடலாம்" என்றார். நம்மவருக்குச் சுருக்கென்றது. முதல் பட்டியலை யாராவது வாங்குவார்களா? ஆராய்ச்சி என்று ஒன்று இல்லையா?

ஆராய்ச்சி தொடங்கியது. கம்ப்யூட்டரின் மூளையாக எடுத்திருந்த பிராசசரைவிட இன்னும் கொஞ்சம் போட்டால் அதற்கு மேல்படி கிடைக்கும் என்று தெரிந்து, மேல்படியை எடுத்தால் அதைத் தாங்க நல்ல மதர்போர்டு வேண்டுமென்று மதர்போர்டை மாற்றி, இவ்வளவு நல்ல மதர்போர்டில் சாதாரண ரேமைச் செருகுவது அதற்குச் செய்கிற அவமரியாதை என்று ரேமை மாற்றி, எல்லாமாகச் சேர்ந்து பட்ஜெட்டைத் தாண்டிவிட்டதால் கோபத்தில் பிராசசரைக் கீழ்ப்படிக்கு இறக்கி, இறக்கியதும் அந்த மதர்போர்டு வீண் என்று தோன்ற, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். ஏழாவது பட்டியல் முதல் பட்டியலைப் போலவே இருந்தது. அவருக்கே அது தெரியவில்லை. "இப்பத்தான் சரியா வருது" என்றார்.

போதாக்குறைக்கு, இணையத்தில் ஓர் அரட்டைக் குழுவில் 'வோல்டேஜ் வாத்தியார்' என்ற புனைபெயரில் ஒருவர் வாய்த்தார். நம்மவர் எந்தப் பாகத்தைச் சொன்னாலும் வாத்தியாரிடமிருந்து ஒரே பதில்தான்: "எடுக்கலாம். ஆனா அவசரப்படாதீங்க. அடுத்த மாசம் புதுசு வருது." முகம் தெரியாத அந்த மனிதரை நம்மவர் குலகுருவாக ஏற்றுக்கொண்டார். ஒருநாள் தற்செயலாக, "உங்க மிஷின்ல எது போட்டிருக்கீங்க?" என்று கேட்டார். வாத்தியார் நெடுநேரம் கழித்து எழுதினார்: "நான் இன்னும் கட்டலை. மூணு வருஷமாப் பார்த்துட்டிருக்கேன்." வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் சுதாரித்திருப்பார்கள். நம்மவருக்குக் குருமேல் மரியாதை கூடியது. எவ்வளவு பொறுமை!

இதற்கிடையில் டீச்சர் சாப்பாட்டு மேசையில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். தோன்றிய மெட்டுகளைக் கைபேசியில் முனகிப் பதிந்து வைத்தார். பொம்மலாட்டக்காரம்மா மூன்றாவது வாரம் போன் செய்தபோது, "அடுத்த வாரம் ஆரம்பிச்சிடுவேங்க" என்று சொல்லிவிட்டு, போனை வைத்து, நாட்காட்டியில் மிச்ச நாளை எண்ணினார். நம்மவர் இதையெல்லாம் கவனிக்காத மனிதரில்லை. கவனித்தார். மனசு கஷ்டப்பட்டது. இவ்வளவு காத்திருந்தவளுக்குச் சாதாரணமானதைக் கட்டிக் கொடுக்கலாமா என்று நினைத்து, பட்டியலை இன்னொரு முறை திருத்தினார். பாசத்திலேயே ஆளைக் கொல்லுகிற வித்தை இவர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

டீச்சரின் தம்பி பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. அவர் ஒருநாள் நேரிலேயே கேட்டுவிட்டார்.

"அத்தான், ஒரு பஸ்ஸையே நாங்க ரெண்டு நாள்ல பிரிச்சு மாட்டிடறோம். இதுக்கு எதுக்கு ஒரு மாசம்?"

"பஸ்ஸுக்கு என்ன மாப்ள, வர்ற பாகத்தை மாட்டுவீங்க. இது தேர்ந்தெடுக்கிற விஷயம்."

"தேர்ந்தெடுத்து?"

"அப்புறம் மாட்டணும்."

"எப்ப அத்தான்?"

இந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இருபத்து மூன்றாவது பட்டியல் பிறந்தது. விரிதாளில் கட்டம் கட்டமாக, எல்லாக் கட்டமும் பச்சை. பட்ஜெட்டுக்குள்ளும் அடங்கிவிட்டது. எப்படி அடங்கியது தெரியுமா? திரைக்குப் படத்தை அனுப்புகிற கிராபிக்ஸ் கார்டு இருக்கிறதே, எல்லாவற்றிலும் விலை கூடிய பாகம், அதை மட்டும் 'இரண்டாம் கட்டம்' என்று தனித் தாளுக்குத் தள்ளிவிட்டார். அடுத்த மாதம் புதுசு வருகிறது என்று வாத்தியார் சொல்லியிருந்தார். மிச்சமான பணத்தில், பக்கவாட்டில் கண்ணாடிக் கதவு வைத்து உள்ளே ஏழு வண்ணத்தில் விளக்கெரியும், பாகங்களை மாட்டும் கேபினட் பெட்டி ஒன்று வந்தது. கண்ணாடி என்றால் அவருக்குத் தொழில்முறைப் பலவீனம்.

பாகங்கள் வந்து சேர்ந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பாட்டு மேசை அறுவைசிகிச்சைக் கூடமாயிற்று. மூக்குக் கண்ணாடிச் சட்டத்துக்கு மரை முடுக்கும் குட்டித் திருப்புளிகளை வரிசையாக அடுக்கி வைத்தார். உடம்பில் உள்ள மின்சாரம் பாகங்களைக் கெடுத்துவிடும் என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் போய் ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டு வந்தார். டீச்சர் ஒலிப்பதிவு மைக்கைத் துடைத்துக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். மெக்கானிக்கும் வந்திருந்தார். கடைசி மரையை முடுக்கி, கைகளைத் துடைத்துக்கொண்டு, நம்மவர் பொத்தானை அமுக்கினார்.

விசிறிகள் சுழன்றன. இரைச்சலே இல்லை, காணொளி பார்த்து எடுத்த மூன்றாவது விசிறி பொய்க்கவில்லை. ஏழு வண்ண விளக்கும் எரிந்து அறையே ஜொலித்தது. டீச்சர் கைதட்டிவிட்டார்.

திரை மட்டும் கறுப்பாக இருந்தது.

கேபிளைப் பிடுங்கிச் செருகினார். ரேமைக் கழற்றி மாட்டினார். வேறு திரை கொண்டுவந்து பார்த்தார். ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டு வந்து முறைத்துப் பார்த்தார். இரண்டு மணி நேரம். மெக்கானிக் மெதுவாகக் கேட்டார்.

"அத்தான், எல்லாம் ஓடுது, கண்ணு மட்டும் தெரியல. இதுல படம் எங்கேயிருந்து வரும்?"

"கிராபிக்ஸ் கார்டுலேர்ந்து."

"அது எது?"

நம்மவர் கேபினட்டுக்குள் விரலை நீட்டினார். விரல் காற்றில் நின்றது.

விளக்கிவிடுகிறேன். ஒரே பிராசசர் இரண்டு விதமாக வரும். ஒன்று, படம் காட்டும் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். டீச்சருடைய வேலைக்கு அது ஒன்றே போதும், தனிக் கார்டே தேவையில்லை. இன்னொன்றுக்கு அந்தத் திறமை கிடையாது. தனிக் கார்டு இருந்தால்தான் திரையில் எதுவும் தெரியும். அதனால் கொஞ்சம் மலிவு. எப்படியும் கேமுக்குக் கார்டு வாங்கத்தானே போகிறோம் என்று பதினாலாவது பட்டியலில் மலிவானதைத் தேர்ந்தெடுத்தார். இருபத்து மூன்றாவதில் கார்டைத் தள்ளிவைத்தார். பிராசசரை அப்படியே விட்டுவிட்டார். ஒரே ஒரு பட்டியல் போடுகிறவருக்கு இந்தத் தவறு வராது. இதற்கு இருபத்து மூன்று வேண்டும்.

"சாதாரணமா ஒரு கார்டு வாங்கிப் போட்டுடலாம். ஆனா பாரு, இப்ப வாங்கினா அடுத்த மாசம் அது பழசாயிடும்..." என்று ஆரம்பித்தார் நம்மவர்.

"இருக்கட்டுங்க" என்றார் டீச்சர். கோபமே இல்லாத குரல். மைக்கை உறைக்குள் போட்டு அலமாரியில் வைத்துவிட்டார்.

அப்பாடா என்றிருந்தது நம்மவருக்கு. எப்பேர்ப்பட்ட மனைவி, என்ன ஒரு புரிதல் என்று நெகிழ்ந்துபோய், அன்றைக்கே 'இரண்டாம் கட்டம்: கார்டுகள் ஒப்பீடு' என்று புதிய விரிதாளைத் திறந்தார்.

மூன்று வாரம் கழித்து ஒரு மாலை, "நாடகம் பார்க்க வர்றீங்களா?" என்று டீச்சர் கேட்டார். எந்த நாடகம் என்று கேட்க நம்மவருக்குத் தோன்றவில்லை. அரங்க வாசலில் சுவரொட்டி. கீழே 'இசை' என்ற இடத்தில் டீச்சரின் பெயர். அதை ஒட்டி இன்னொரு பெயர். உள்ளே போய் உட்கார்ந்தார். ஒரு மரப் பொம்மை கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிற காட்சியில் ஒரு மெட்டு வந்தது. சாப்பாட்டு மேசையில் விரலால் தட்டிக்கொண்டிருந்தாரே, அது. அதற்குள் இத்தனை இருந்ததா? பின்வரிசையில் ஒரு குழந்தை எழுந்து நின்றுவிட்டது.

வெளியே வந்ததும் கேட்டார். "எப்படி முடிச்ச?"

"அந்தத் திங்கட்கிழமையே தம்பியோட போனேன். ஆபீஸ்ல கழிச்சுவிட்ட கம்ப்யூட்டர் விக்கிற கடை. பத்து நிமிஷத்துல எடுத்தோம். ஸ்கூல் பாட்டு ரூம்லயே வச்சு வேலை பார்த்தேன்."

"அந்த இன்னொரு பேரு யாரு?"

"எட்டுல அஞ்சுதான் என்னால முடிஞ்சது. நாளு பத்தல. மிச்சம் மூணை அவங்க வேற ஆளுக்குக் கொடுத்துட்டாங்க."

அந்த மூன்றும் யாரால் போயிற்று என்று டீச்சர் சொல்லவில்லை. நம்மவருக்கு வெட்கமாக இருந்தது. முப்பது பேருக்குக் கண் பார்த்துச் சொல்லுகிற மனிதர், மனைவியின் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவரொட்டியைப் பார்த்தார்.

"ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா அதையும் நாலோட ஒப்பிட்டுப் பார்ப்பீங்க."

கூடவே நடந்தார். தெருமுனை வரைக்கும் தாக்குப்பிடித்தார். ஜென்மப் புத்தி விடுமா?

"அதுல எவ்வளவு ரேம்?"

"தெரியாதுங்க. பாட்டு வருது."

சிரித்துக்கொண்டே படித்துவிட்டீர்கள். சந்தோஷம். போவதற்கு முன் ஒரு கேள்வி, மழுப்பாமல் சொல்லுங்கள். திரை கறுப்பாக நின்ற இடத்தில், மைக்கும் கையுமாக நின்ற அந்த டீச்சருக்காக உங்கள் மனம் பதறியதா? இல்லை, 'பழைய கார்டு ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்கிச் செருகியிருக்கலாமே' என்று தோன்றியதா? இரண்டாவது என்றால், உங்களுக்குக் கம்ப்யூட்டர் பற்றி நன்றாகவே தெரிந்திருக்கிறது, பாராட்டுகள். அதோடு, உங்கள் வீட்டில் யாரோ ஒருவர் எதற்காகவோ உங்களை நம்பிக் காத்துக்கொண்டிருக்கிறார் என்றும் எனக்குத் தெரிகிறது. ஒருவேளை காத்திருப்பதை எப்போதோ நிறுத்தியிருப்பார். உங்களிடம் இன்னும் சொல்லியிருக்க மாட்டார்.