சீரியலுக்குத் தடை போட்ட ஜட்ஜ்

சலூன் வைத்திருக்கும் ஒருவரைத் தெருவே ஜட்ஜ் என்று கூப்பிட்டால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். இருந்தது. ஒரு படம் வெளியான மறுநாள் அவர் நாற்காலியில் தலையைக் கொடுத்தவர்கள், முடியைக் கொடுத்துவிட்டுத் தீர்ப்பை வாங்கிக்கொண்டு எழுந்து போவார்கள். "இடைவேளை வரைக்கும் உட்காரலாம். அப்புறம் வெளியில வந்து காத்து வாங்குங்க" என்று கத்தரியை நிறுத்திவிட்டு அவர் சொன்னால் சொன்னதுதான். மேல்முறையீடு கிடையாது. கத்தரி காதுக்குப் பக்கத்தில் இருக்கும்போது யார்தான் எதிர்த்துப் பேசுவார்கள்?

வீட்டில் மட்டும் அந்த அதிகாரம் செல்லுபடியாகவில்லை. கடையைச் சாத்திவிட்டு அவர் வீட்டுக்குள் நுழையும்போது கூடத்தில் சீரியல் ஓடிக்கொண்டிருக்கும். அவர் மனைவி சமையலறைத் தொட்டி முன்னால் நின்று, கண்ணை டிவியிலும் கையைப் பாத்திரத்திலும் வைத்திருப்பார். மனைவிக்குக் குழந்தைகள் காப்பகத்தில் வேலை. அதனால் தெருவுக்கு அவர் டீச்சர்.

அந்த வாரம் சீரியலில் ஒருத்தி திங்கட்கிழமை ஒரு வீட்டுக் கதவைத் தட்டினாள். வியாழக்கிழமை வரை உள்ளே இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பின்னணியில் இடி இடித்தது. கதவு திறக்கவில்லை. ஜட்ஜுக்குப் பொறுமை போய்விட்டது.

"இதே கதவை சினிமாவுல பாரு. தட்டுவான், திறப்பாங்க, உள்ள வந்துடுவான். ரெண்டரை மணி நேரத்துல ஒருத்தன் பொறந்து வளர்ந்து செத்தே போறான். இங்க நாலு நாளா ஒருத்தி வாசல்லயே நிக்கிறா. கால் வலிக்காது அவளுக்கு? இனிமே இந்த வீட்டுல சீரியல் கிடையாது. சினிமா மட்டும்தான்."

பெரிய சண்டை வரும் என்று எதிர்பார்த்தார். நடிப்பு, ஒளிப்பதிவு, திரைக்கதை என்று தலைப்பு வாரியாகப் பதில்களும் தயாராக வைத்திருந்தார். டீச்சரோ ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து டிவியை அணைத்தார். சரிங்க என்றார். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவருக்கு அந்த 'சரிங்க'வைக் கேட்டதுமே சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஜெயித்த மயக்கத்தில் வரவில்லை.

"ஆனா ஒண்ணு. கதை இல்லாம எனக்குப் பாத்திரத்துல கை ஓடாது. இனிமே நீங்க தேய்ச்சிடுங்க" என்றார் டீச்சர்.

இரண்டே பேர் இருக்கிற வீடு. எவ்வளவு பாத்திரம் விழுந்துவிடும்? ஜட்ஜ் பெருந்தன்மையாகச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தொட்டிக்குப் போனார்.

இந்த இடத்தில் டீச்சரின் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். காப்பகத்தில் சாப்பிட அடம்பிடிக்கும் குழந்தைகளை எல்லாம் அவரிடம்தான் கொண்டுவந்து விடுவார்கள். அவர் அதட்ட மாட்டார், கெஞ்சவும் மாட்டார். கதை சொல்வார். பிள்ளை வாய் திறந்தால் கதை ஓடும், வாய் மூடினால் கதை நிற்கும். பெற்ற தாய்க்கே வாயைத் திறக்காத பிள்ளைகள் அவர் முன்னால் பருக்கை மிச்சமில்லாமல் தின்றுவிட்டு இன்னொரு தட்டு கேட்கும். இது ஜட்ஜுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அது குழந்தைகள் விஷயம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

அவர் முதல் தட்டில் சோப்பைத் தடவியபோது டீச்சர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கழுவியதைத் துடைத்து வைக்கத் துணியை எடுத்துக்கொண்டார். பூட்டு ரிப்பேர் செய்கிற ஒருத்தியை ஒரு பெரிய வீட்டுக்குக் கூப்பிடுகிறார்கள் என்று ஆரம்பித்தார். அந்தச் சீரியல் கதையைத்தான் சொல்கிறாள் என்று நினைத்து ஜட்ஜ் திரும்பி முறைத்தார்.

"பார்க்கக் கூடாதுன்னுதானே சொன்னீங்க. சொல்றதுக்குமா தடை?"

சட்டப்படி அது சரியாக இருந்தது. ஜட்ஜ் அடுத்த தட்டை எடுத்தார்.

அந்த வீட்டில் அண்ணன் தம்பி இரண்டு பேர். அப்பா காணாமல் போன நாளிலிருந்து அவர் அறை பூட்டியே கிடக்கிறது. அதற்கு இரண்டு பூட்டு. ஆளுக்கு ஒரு சாவி. இரண்டு சாவியும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும், ஆனால் அண்ணன் தம்பிக்குள் பேச்சு கிடையாது. பூட்டுக்காரி இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்துக் கதவைத் திறந்துவிடுகிறாள். உள்ளே ஒட்டடை இருக்கும், தூசி இருக்கும் என்று எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறார்கள். தூசியே இல்லை. மேஜை மேல் ஒரு டம்ளரில் டீ இருக்கிறது. ஆவி பறக்கிறது.

டீச்சர் துணியை உதறிக் கொடியில் போட்டார்.

"அப்புறம்?" என்றார் ஜட்ஜ்.

"பாத்திரம் முடிஞ்சிடுச்சே."

அன்றைக்கு அவர் போட்ட சினிமாவில் நாலு பேர் சுடப்பட்டார்கள், ஒரு பாலம் வெடித்தது. ஜட்ஜ் டீயை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் சாப்பிடும்போது குழம்புக்கு ஒன்று, பொரியலுக்கு ஒன்று என்று தனித்தனிக் கிண்ணம் கேட்டார். அடுத்த நாள் குக்கர் மூடியில் கறை இருப்பதாகக் கண்டுபிடித்தார். பரண் மேல் விருந்தாளிகளுக்காகச் சும்மா கிடந்த அண்டாவைக் கீழே இறக்கி, தூசி அடைந்தால் உடம்புக்கு ஆகாது என்றார். கடைசியில் சலூனில் சவர நுரை கலக்கும் கிண்ணங்களையும் பையில் போட்டுக்கொண்டு வந்தார். டீச்சர் எதையும் கேட்கவில்லை. கிண்ணங்களைப் பார்த்தபோது மட்டும் கதையை மெல்ல நடத்தினார்.

கதை அவரை மொத்தமாக விழுங்கிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு நாள் பூட்டுக்காரி தம்பியின் சாவியைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்தாள். இத்தனை வருஷமாகத் தொட்டதே இல்லை என்று அவன் சத்தியம் பண்ணிய சாவி. அதன் பல்லெல்லாம் தேய்ந்து வழவழவென்று இருந்தது. தினமும் புழங்குகிற சாவிதான் அப்படி இருக்கும். அவள் அதை வெளியில் சொல்லாமல் அவனிடமே திருப்பிக் கொடுத்தாள். அதைக் கேட்டபோது ஜட்ஜுக்குக் கை நின்றுவிட்டது. குழாயில் தண்ணீர் அதுபாட்டுக்கு ஓடியது.

எந்தப் படமும் தன்னை இப்படிச் செய்ததில்லை என்று அவர் மனசுக்குள் ஒத்துக்கொண்டார். சினிமாவாக இருந்தால் அந்தச் சாவியை ஒரு நொடி பெரிதாகக் காட்டி, மேளத்தைத் தட்டிவிட்டு அடுத்த சண்டைக்குப் போயிருப்பார்கள். இங்கே இரண்டு நாள் அந்தச் சாவியோடேயே இருக்க முடிந்தது. தம்பி எதற்காக அந்த அறைக்குள் போகிறான், அண்ணன் சாவி அவனுக்கு எப்படிக் கிடைக்கிறது, யாருக்கு டீ போடுகிறான் என்று முடி வெட்டும்போதெல்லாம் யோசித்தார். சீரியலைத் தெரியாத்தனமாக மட்டமாகப் பேசிவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது. வெளியில் சொல்ல அதைவிட வெட்கமாக இருந்தது.

யோசித்தவர் சும்மா இருந்திருக்கலாம். கடையில் சொல்ல ஆரம்பித்துவிட்டார். ஜட்ஜ் வாயால் சீரியல் கதை என்று சொல்ல முடியுமா? வெளிநாட்டுப் படம், பேர் வாயில் நுழையாது என்று சொல்லிவைத்தார். ஒரு தலைக்குக் கொஞ்சம் என்று கதையை நறுக்கிக் கொடுத்தார். பஸ் கண்டக்டர் ஒருவர் தினமும் வந்து உட்கார ஆரம்பித்தார். அவர் தலையில் வெட்டுவதற்கு ஒன்றுமே இல்லை. காதோரம் ஏதோ இருப்பதாக இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டார்கள். பெஞ்சில் இடமில்லாமல் ஆட்கள் வாசலில் நின்றார்கள். கூட்டத்தைப் பார்த்த பூரிப்பில், வரும் ஞாயிற்றுக்கிழமை முடிவைச் சொல்லிவிடுகிறேன் என்று ஜட்ஜ் வாக்குக் கொடுத்துவிட்டார்.

முடிவு டீச்சரிடம் இருந்தது. கேட்டால், அது வரும்போது வரும் என்றார். அண்டாவை இரண்டு தரம் தேய்த்தும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வாயை மூடிக்கொண்டு நின்றால் ஜட்ஜ் பட்டம் அன்றோடு போய்விடும். அதனால் ஜட்ஜ் ஒரு திட்டம் போட்டார். சீரியலை மத்தியானம் மறுபடி போடுவார்கள்; டீச்சர் காப்பகத்தில் அதைத்தான் பார்த்துவிட்டு வருகிறார் என்பது அவர் கணக்கு. கடையில் பாட்டுக்காக ஒரு டிவி இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். டீச்சர் இல்லாமலே கதையைத் தெரிந்துகொண்டால் பாத்திரம் தேய்ப்பதும் மிச்சம்.

பார்த்தார். ஒரு பெண் அழுதாள். ஒரு மாமியார் படியில் நின்று முறைத்தார். பூட்டுக்காரியைக் காணவில்லை. அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. இன்றைக்கு அவர்கள் பகுதி இல்லை போலிருக்கிறது என்று மறுநாளும் உட்கார்ந்தார். அப்போது ஷட்டருக்கு அடியில் ஒரு வழுக்கைத் தலை நுழைந்தது.

"ஜட்ஜய்யா, நீங்களா சீரியல் பாக்குறீங்க?" என்றார் கண்டக்டர்.

ஜட்ஜ் ரிமோட்டைத் தேடினார். அது அவர் கையிலேயே இருந்தது. எது மட்டம் என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பார்க்கிறேன் என்று நெளிந்தார். கண்டக்டர் அதைக் காதில் வாங்கவில்லை. உள்ளே வந்து உட்கார்ந்து, வீட்டில் முதல் நாளிலிருந்து இதைப் பார்த்து வருவதாகத் தானே குரலைத் தாழ்த்தி ஒத்துக்கொண்டார்.

"இதுல பூட்டு சாவின்னு எதாவது வருமா?" என்றார் ஜட்ஜ், ஒன்றும் தெரியாதவர் போல.

"அதெல்லாம் உங்க படத்துல. இதுல கதவு ஒண்ணுதான். அதையே இன்னும் திறக்கல."

கண்டக்டர் போன பிறகு ஜட்ஜ் வாடிக்கையாளர் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். எதிரே கண்ணாடியில் ஒரு மனிதன் வாயைப் பிளந்துகொண்டு தெரிந்தான். சீரியலில் இல்லை. அப்படியானால் அந்த டீயை யார் போட்டது? சாவியின் பல்லைத் தேய்த்தது யார்? ஸ்டூலில் உட்கார்ந்து துணியும் கையுமாக இருந்த தன் பெண்டாட்டி. தினம் தினம் தன் முதுகுக்குப் பின்னால் இவ்வளவு பெரிய வீட்டைக் கட்டி, அதில் ஆளைக் குடிவைத்து, பூட்டும் போட்டிருக்கிறாள். இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்திருந்தும் இது தெரியவில்லையே என்று அவருக்குக் கண் கலங்கியது. அன்றைக்குப் பிற்பகல் அவர் யாருக்கும் கதை சொல்லவில்லை. ஒருவருக்குக் கிருதா ஒரு பக்கம் மேலே போய்விட்டது.

வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்றார்.

"அது சீரியல் கதை இல்ல."

"சீரியல் கதைன்னு நான் எப்பங்க சொன்னேன்?"

யோசித்துப் பார்த்தார். சொல்லவே இல்லை.

"நீயாவா யோசிச்ச எல்லாத்தையும்? அந்த டீ? அந்தச் சாவி?" என்றவர், ஒரு அடி உள்ளே வந்து சொன்னார். "நான் பார்த்த எந்தப் படத்துலயும் இப்படி ஒரு கதை கிடையாது. சத்தியமா சொல்றேன். நான் அசந்து போயிட்டேன்."

டீச்சர் முகம் சிவந்தது. துணியின் ஓரத்தைத் திருகிக்கொண்டு மெதுவாக விஷயத்தைச் சொன்னார். காப்பகத்தில் பிள்ளையை விடுகிற ஒரு அம்மா டிவி கம்பெனியில் வேலை பார்க்கிறார். ஒரு நாள் பிள்ளையைக் கூட்டிப்போக வந்தவர், இந்தக் கதையைக் கேட்டுவிட்டு நகரவே இல்லை. முழுக்கச் சொல்லுங்கள், எடுக்கலாம் என்றார். அதற்குத்தான் தினமும் இந்த ஒத்திகை.

"நீங்க தேய்க்கிற சத்தம் நின்னுச்சுன்னா அந்த இடம் நல்லா இருக்குன்னு வெச்சுக்கிட்டேன். நிக்காத இடத்தை எல்லாம் தூக்கிட்டேன்."

கோபப்படலாமா என்று ஜட்ஜ் ஒரு கணம் யோசித்தார். பெருமைதான் முந்திக்கொண்டு வந்தது. தன் கை நின்ற இடமெல்லாம் கதையில் நிற்கிறதே.

"படமா எடுக்கறதா, சீரியலா எடுக்கறதான்னு என்னையே முடிவு பண்ணச் சொல்லிட்டாங்க. நாளைக்குச் சொல்லணும். இதெல்லாம் உங்களுக்குத்தானே தெரியும்? நீங்க சொல்றபடி செய்யலாம்னு இருக்கேன்" என்றார் டீச்சர்.

இப்படி ஒரு வழக்கு ஜட்ஜிடம் இதுவரை வந்ததில்லை. அவர் நிமிர்ந்து நின்றார். தான் போட்ட தடை நினைவுக்கு வந்தது. நாலு நாளாக வாசலில் நின்றவளைப் பற்றிப் பேசிய பேச்செல்லாம் நினைவுக்கு வந்தது. ஆனால் மனசில் பட்டதைச் சொல்லாமல் இருந்தால் அது தீர்ப்பாகாது.

"சீரியல்தான். இந்தக் கதைக்கு ரெண்டரை மணி நேரம் காணாது. அந்தச் சாவியை அவசரப்பட்டுக் காட்டினா பாவம். நான் போட்ட தடையை நானே தள்ளுபடி பண்றேன், போ."

"நிஜமாவா சொல்றீங்க?"

"ஜட்ஜ் சொன்னா சொன்னதுதான்."

டீச்சர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஜட்ஜ் சந்தோஷமாகச் செருப்பைக் கழற்றி, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, தொட்டியை நெருங்கிக் குரலைக் குழைத்தார்.

"எல்லாம் பேசியாச்சு. அந்த முடிவை மட்டும் எனக்குச் சொல்லிடு. ஞாயித்துக்கிழமை கடையில சொல்றேன்னு வாக்குக் குடுத்துட்டேன். ஊரே வந்து உக்காந்துடும்."

"படம்னு சொல்லியிருந்தீங்கன்னா நானும் ஒரு முடிவு யோசிச்சிருப்பேன். சீரியல்னுட்டீங்களே" என்ற டீச்சர், அடிப்பிடித்த கடாயை அவர் பக்கம் நகர்த்தினார். "தேய்ங்க. நாளைக்கு என்ன நடக்குதுன்னு பார்ப்போம்."